முடி வளர்ந்தது சரி, யாரால்?

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம் என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, சீப்புல கொத்து கொத்தா வருது. நீதான் எல்லாத்தையும் தோண்டித் துருவிப் படிக்கிறியே, ஏதாவது பார்த்துச் சொல்லேன்" என்றாள். நானும் பார்த்தேன். ஒரு ராத்திரி, இரண்டு மணி நேரம். வெங்காயச் சாறு பற்றி ஒரு ஆய்வு கிடைத்தது, ரோஸ்மேரி எண்ணெய் பற்றி ஒன்று கிடைத்தது. இரண்டுமே மருத்துவ இதழ்களில் வந்தவை. சுருக்கத்தை மட்டும் படித்தேன், முடிவு நன்றாக இருந்தது, லிங்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். "கெமிக்கல் எதுவும் வேண்டாம், இதை ஆறு மாசம் பண்ணு" என்று உபதேசம் வேறு.

எட்டு மாதம் பண்ணினாள். அந்த எட்டு மாதத்தில் வேறு சிலதும் நடந்தன. படி ஏறினால் மூச்சு வாங்கியது. வெயிட் போட்டது. மத்தியானம் ஆனால் கண்ணைச் சுழற்றியது. வேலை அதிகம் என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிடின் ஒற்றை இலக்கம். தைராய்டு குறைவு. கர்ப்பப்பையில் ஒரு நார்க்கட்டி, அதனால் மாதா மாதம் அளவுக்கு மீறி ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முடி உதிர்ந்தது இதெல்லாவற்றுக்கும் முன்னால் அடித்த மணி. அந்த மணிமேல் வெங்காயம் தடவச் சொன்னவன் நான்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்துவிட்டு மென்பொருள் வேலை பார்ப்பவன். ஆனால் அன்றைக்குச் சுருக்கத்தோடு நிறுத்திய அந்த ஆய்வுகளை இந்த முறை ஒழுங்காகப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதல் தப்பு: ஒரு பெயர், பல நோய்

எங்கள் ஆபீசில் "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று ஒரு புகார் வந்தால், உடனே சர்வரை மாற்று என்று யாரும் சொல்ல மாட்டோம். டேட்டாபேஸா, நெட்வொர்க்கா, மெமரியா என்று முதலில் பிரிப்போம். "முடி கொட்டுது" என்பதும் அப்படி ஒரு புகார்தான், நோயின் பெயர் இல்லை.

ஆண்களுக்கு நெற்றி ஏறி உச்சியில் வட்டம் விழுவது ஒரு வகை. இதற்கு மூலம் பரம்பரையும் ஆண் ஹார்மோனும். 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர் இதைக் காட்டினார். பருவ வயதுக்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. ஆனால் குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது வழுக்கை விழ ஆரம்பித்தது. 1974-ல் டொமினிக்கன் குடியரசில் சில குடும்பங்களை ஆராய்ந்தார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களில் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அந்த ஆண்களுக்கு நெற்றி ஏறவில்லை. 1997-ல் முடிக்காக அனுமதி பெற்ற ஃபினாஸ்டரைடு மாத்திரை தடுப்பது இதே நொதியைத்தான்.

புழுவெட்டு வேறு. அங்கே நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்கால்களைத் தாக்குகிறது, காசு அளவுக்கு வட்ட வட்டமாக முடி போகும். பூஞ்சைத் தொற்று வேறு. இறுக்கிப் பின்னி இழுத்துக் கட்டுவதால் ஓரம் ஏறுவது வேறு. காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட், ரத்த சோகை, தைராய்டு இவற்றுக்குப் பிறகு தலை முழுக்கக் கொட்டுவது இன்னொன்று. அதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். என் தங்கைக்கு இருந்தது இந்தக் கடைசி வகை. நான் அனுப்பிய இரண்டு ஆய்வுகளில் ஒன்று புழுவெட்டுக்கு, மற்றது பரம்பரை வழுக்கைக்கு. அவளுடைய பிரச்சினைக்கு ஒன்றுமே இல்லை! இதைக் கவனிக்க டாக்டர் பட்டம் தேவையில்லை, தலைப்பை ஒழுங்காகப் படித்திருந்தாலே போதும்.

காலண்டர் செய்யும் வேலை

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருஷம் வளரும், சில வாரம் சுருங்கும், பிறகு ஏறக்குறைய 3 மாதம் ஓய்வில் கிடந்து விழும். எல்லாம் ஒரே நேரத்தில் விழாததால் நமக்குத் தெரிவதில்லை. தினமும் 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம்.

உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகின்றன. 2, 3 மாதம் கழித்து ஒன்றாக விழுகின்றன. டெங்கு வந்தது ஆகஸ்டில், முடி கொட்டுவது நவம்பரில். நடுவில் மாற்றிய ஷாம்பூ மேல் பழி விழும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். காரணம் ஒரு முறை வந்துபோனதாக இருந்தால், இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும். நாம் வைத்தியம் தேடுவது எப்போது? கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அடுத்தது இறக்கம்தானே. அந்த நேரத்தில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கடுகெண்ணெய் என்று எதைத் தடவினாலும் "மூணே மாசத்துல நின்னுடுச்சு" என்று சொல்ல முடியும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் தலையில் அது நிஜமாகவே நடந்தது. நடத்தியது எண்ணெய் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. காரணம் தொடர்ந்து இருந்தால், என் தங்கைக்கு இருந்த மாதிரி, எதுவும் நிற்காது. அப்படிப்பட்டவர்கள் வீடியோ போடுவதில்லை.

வெங்காயம்

இந்த விஷயத்தில் எல்லோரும் காட்டும் ஆய்வு 2002-ல் ஈராக்கில் இருந்து வந்தது. புழுவெட்டு உள்ள 38 பேர். 23 பேர் தினம் இரண்டு வேளை வெங்காயச் சாறு தடவினார்கள், 15 பேர் குழாய்த் தண்ணீர். ஆறு வாரத்தில் வெங்காயக் குழுவில் 20 பேருக்கு முடி முளைத்தது. தண்ணீர்க் குழுவில் 2 பேருக்கு மட்டும்.

எண் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். வெங்காயச் சாறு தடவியவருக்குத் தான் எந்தக் குழு என்று தெரியாதா? பக்கத்து வீட்டுக்கே தெரியும். தடவியது எது என்று தெரிந்தால் தடவுபவரும் சரி, அளப்பவரும் சரி, நடுநிலையாக இருப்பது கஷ்டம். அடுத்து, சின்ன அளவில் இருக்கும் புழுவெட்டு பாதிப் பேர் வரைக்கும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். இந்த மாதிரி நோய்க்குப் பெரிய குழுக்கள் வேண்டும், 38 பேர் பத்தாது. அப்படியே முடிவு சரி என்று வைத்துக்கொண்டாலும், தோலை எரியவைத்து எதிர்ப்பு சக்தியைத் திசை திருப்புவது புழுவெட்டுக்குத் தோல் மருத்துவர்களே கையாளும் ஒரு வழி. வெங்காயமும் அப்படி வேலை செய்திருக்கலாம். பரம்பரை வழுக்கைக்கு அந்த வாதம் பொருந்தாது. இணையத்தில் பாருங்கள், புழுவெட்டு என்ற சொல்லையே கழற்றிவிட்டு "வெங்காயம் 87 சதவீதம் முடி வளர்க்கும்" என்று போட்டிருப்பார்கள்.

ரோஸ்மேரி

2015-ல் ஈரானில் இருந்து வந்தது. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேர். பாதிப் பேருக்கு ரோஸ்மேரி, பாதிப் பேருக்கு 2 சதவீத மினாக்ஸிடில். ஆறு மாதக் கடைசியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதுதான் "ரோஸ்மேரி மினாக்ஸிடிலுக்குச் சமம்" என்று ஆனது.

நான் அன்றைக்குப் படிக்காமல் விட்ட அட்டவணையில் இருப்பது இது: ரோஸ்மேரிக் குழுவில் சராசரி முடி எண்ணிக்கை 122.8-ல் இருந்து 129.6 ஆனது. மினாக்ஸிடில் குழுவில் 138.4-ல் இருந்து 140.7. அதாவது ஒன்றில் 7 முடி, மற்றதில் 2 முடி. ஒரு குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் 40, 50 முடி என்று இருக்கும்போது இந்த 7-ம் 2-ம் கண்ணாடியில் தெரியுமா? சும்மா எதையோ தடவிய மூன்றாவது குழு ஒன்று இருந்திருந்தால் அவர்களுக்கு எத்தனை ஏறியிருக்கும் என்று பார்த்திருக்கலாம். அந்தக் குழுவே இல்லை. இரண்டு பையன்கள் ஒரே மார்க் வாங்கினார்கள் என்றால் இரண்டு பேரும் பாஸ் என்று ஆகாது, இரண்டு பேருமே ஃபெயிலாகவும் இருக்கலாம்.

எலிகள்

பெப்பர்மின்ட் எண்ணெய் பற்றிக் கொரியாவில் 2014-ல் வந்த ஆய்வு சுண்டெலிகளில் செய்தது. கரிசலாங்கண்ணி பற்றி 2008-ல் நம் நாட்டில் இருந்து வந்தது ஆல்பினோ எலிகளில் செய்தது. முதுகு மயிரை எடுத்துவிட்டு, மருந்து தடவி, எவ்வளவு சீக்கிரம் திரும்ப முளைக்கிறது என்று பார்ப்பார்கள். சுண்டெலியின் முதுகு மயிர் எல்லாம் இளம் வயதில் ஒரே தாளத்தில் ஓய்வுக்குப் போகும், ஒரே தாளத்தில் எழும். நம் தலை அப்படி இல்லை. அந்த எலிக்கு வழுக்கையும் இல்லை. தூங்குகிற முடியைக் கொஞ்சம் முன்னாலேயே எழுப்பியது என்பதுதான் இங்கே கண்டுபிடிப்பு. அடுத்த ஆய்வுக்கு அது நல்ல தொடக்கம். 45 வயது ஆளின் உச்சந்தலைக்கு அது பதில் இல்லை.

பாட்டி சொன்னது பொய்யா?

இல்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போதும் வாரும்போதும் புரதம் போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் ஒரு ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அதைச் செய்யவில்லை. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆக, முடி உடையாமல் இருக்க எண்ணெய் உதவும். ஆனால் வெளியே தெரியும் தண்டு உயிரில்லாத பொருள். உள்ளே இருக்கும் மயிர்க்காலை அது எழுப்பும் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

இயற்கை என்பதால் ஒதுக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 1998-ல் புழுவெட்டு உள்ளவர்களுக்குத் தைம், ரோஸ்மேரி, லாவண்டர், சிடார் எண்ணெய்களைக் கலந்து தினமும் தேய்க்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வாசனை எண்ணெய் சேர்க்காத வெறும் அடி எண்ணெய். 44 சதவீதத்துக்கு எதிராக 15 சதவீதம். இதிலும் குறை இருக்கிறது, வாசனையை மறைப்பது கஷ்டம். ஆனால் ஒப்பீட்டுக் குழு இருக்கிறது, தேய்ப்பது இரண்டு பக்கமும் ஒன்றே. இயற்கை வைத்தியத்தைச் சோதிக்க முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

மருந்துப் பக்கமும் முழு வெள்ளை இல்லை. மினாக்ஸிடில் ரத்தக் கொதிப்புக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததால் தலைக்கு வந்தது. நிறுத்தினால் சில மாதத்தில் பலன் போய்விடும். ஃபினாஸ்டரைடு சிலருக்குத் தாம்பத்தியச் சிக்கல் தரும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. இதைச் சொல்லாமல் விற்பவர்களும் உண்டு. அந்த அவநம்பிக்கைதான் நம்மை வெங்காயத்தின் பக்கம் தள்ளுகிறது. அது எனக்கும் புரிகிறது.

"இயற்கைதானே, பலன் இல்லாட்டியும் கெடுதல் இல்லையே" என்பது கடைசி வாதம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கெடுதல் எண்ணெயில் இல்லை, போன எட்டு மாதத்தில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. அப்படிப்பட்ட நாட்டில் முடி கொட்டுகிறது என்று ஒரு பெண் சொன்னால் முதல் வேலை அடுப்பில் எண்ணெய் காய்ச்சுவது இல்லை, ரத்தம் எடுத்துப் பார்ப்பது. பரிசோதனைக்குப் போகும்போது பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை அவசியம் சொல்லுங்கள். அது தைராய்டு உட்படச் சில பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. தங்கையிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

இப்போது கட்டியை எடுத்தாயிற்று. இரும்புச் சத்தும் தைராய்டு மாத்திரையும் ஓடுகின்றன. போன வாரம் வீடியோ காலில் நெற்றியோரம் குட்டி குட்டியாய் முளைத்த முடியைக் காட்டினாள். "பாரு அண்ணா, வந்துடுச்சு. வெங்காய வாசனைதான் தலையணைய விட்டு இன்னும் போகல."

சந்தோஷமாக இருந்தது. இரும்பால் வந்ததா, தைராய்டு மாத்திரையாலா, ரத்தப்போக்கு நின்றதாலா? என் தங்கை ஒரே ஒருத்தி, ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதனால் அதை இங்கே ஆதாரமாக வைக்கவில்லை. படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை என்றாள். எனக்கு அது போதும்.