ஆட்டத்தின் பெயர் அமெரிக்கா

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் இருக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கு வழிகாட்டியோடு கூட்டிப்போகும் சுற்றுலா அறிவிப்புகளைப் படித்தால், பெரும்பாலும் மூன்று அயிட்டம் இருக்கும். பழமையான இடங்கள், காட்டுயிர்கள், உள்ளூர்ப் பண்பாடு. ஐயோனா தீவில் பழைய மடாலயம், மல் தீவில் வெண்வால் கடற்கழுகு, மாலையில் விடுதியில் ஃபிடில் இசை. ஒரு வாரத்தில் மூன்றையும் பார்த்து முடித்துவிடலாம். இதைக் கிண்டல் செய்வது சுலபம். எனக்கு உறுத்துவது வேறு: மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று பத்திகளாக இருப்பது. இன்று இணையத்தில் வரும் பயணக் கட்டுரைகள் பலவும் இதே மூன்று பத்திகளில்தான் யோசிக்கின்றன. கோயில் ஒரு பத்தி, பறவை ஒரு பத்தி, 'வெள்ளந்தி மனிதர்கள்' ஒரு பத்தி. அவ்ளோதான்.

இப்படிப் பிரிக்காமல் அதே தீவுகளைப் பற்றி எழுதப்பட்ட இரண்டு புத்தகங்கள் உண்டு. 1773 ஆகஸ்டில் சாமுவேல் ஜான்சனும் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் எடின்பரோவிலிருந்து கிளம்பினார்கள். ஜான்சனுக்கு 63 வயது. ஆங்கில அகராதி எழுதிப் புகழ்பெற்றவர், பருத்த உடம்பு, காது சரியாகக் கேட்காது, கண்பார்வையும் மட்டம். பாஸ்வெல்லுக்கு 32. ஸ்காட்லாந்துக்காரர், வக்கீல், சரியான வாயாடி. ஸ்கை, ராசே, கோல், மல், ஐயோனா என்று தீவு தீவாகப் போய் நவம்பரில் திரும்பினார்கள். ஜான்சனின் பயண நூல் 1775-ல் வந்தது. பாஸ்வெல்லின் நாட்குறிப்பு, ஜான்சன் இறந்த மறுவருடம், 1785-ல் வந்தது. ஒரே பயணம், இரண்டு பிரதிகள். பயண எழுத்தைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது.

தீவுகளுக்குப் போகும் வழியில் நெஸ் ஏரிக்கரையில் ஒரு குடிசைக்குள் நுழைகிறார்கள். உள்ளே ஒரு பெண், ஆட்டுக்கறி வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஜான்சனின் நூலில் இந்த இடம் ஒரு கணக்கெடுப்பு மாதிரி இருக்கிறது. குடிசைச் சுவர் எப்படிக் கட்டப்படுகிறது, புகை எங்கே போகிறது, எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆடுகள், மாதாகோயில் எவ்வளவு தூரம். பாஸ்வெல் சொல்வது இன்னொரு கதை. எங்கே தூங்குவாய் என்று வழிகாட்டி மூலம் கேட்கிறார்கள். அவள் பதறிப்போகிறாள், இவங்க நம்மகூடப் படுக்க வந்திருக்காங்களோ என்று. பாஸ்வெல் காகிதத்தைக் கொளுத்திக்கொண்டு போய் அவள் படுக்குமிடத்தைப் பார்த்துவிட்டும் வருகிறார். அவள் கூச்சத்தைப் புண்படுத்தக்கூடாதென்று ஜான்சன் போகவில்லை. பிறகு, அவளைப் பயமுறுத்தியது யார் என்று இருவரும் சிரித்துக்கொள்கிறார்கள்.

ஜான்சனின் பத்தியில் மரியாதை இருக்கிறது. ஆனால் அவள் பயம் அதில் இல்லை. பாஸ்வெல்லின் பத்தியில் அநாகரிகம் இருக்கிறது. அதனாலேயே, அந்நிய ஆண்கள் வீட்டுக்குள் வந்து படுக்கையைப் பார்க்க வேண்டும் என்று நின்றால் ஒரு பெண்ணுக்கு என்ன தோன்றும் என்பது நமக்குத் தெரியவருகிறது. சுற்றிப்பார்க்க வந்தவனைச் சுற்றிப்பார்க்கப்படுகிறவள் திரும்பிப் பார்க்கும் கணம் அது. 'மக்கள் அன்பாக வரவேற்றார்கள்' என்று முடியும் கட்டுரைகளில் இந்தக் கணம்தான் முதலில் வெட்டப்படுகிறது.

இதனால் பாஸ்வெல்தான் உசத்தி என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஐயோனாவைப் பாருங்கள். ஆறாம் நூற்றாண்டில் கொலம்பா மடம் அமைத்த தீவு. ஜான்சன் அங்கே உணர்ச்சிவசப்படத்தான் செய்கிறார். ஆனால் அதோடு நிற்கவில்லை. கன்னியர் மடத்துத் தேவாலயம் மாட்டுக்கொட்டிலாகிக் கிடப்பதையும், தரை சகதியாக இருப்பதால் ஆராய முடியாததையும் எழுதுகிறார். ஒருகாலத்தில் கல்விக்குத் தலைநகராக இருந்த தீவில் இன்று பள்ளிக்கூடம் இல்லை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தரும் இல்லை என்கிறார். இடிபாட்டை ரசிக்கிற அதே பத்தியில் பக்கத்தில் வாழ்கிறவர்களின் நிலையும் வருகிறது. தொல்லிடம் தனி, மக்கள் தனி என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதுதான் அவருடைய பலம்.

ஜான்சன் தேடிப்போனது பழைய குலமரபு வாழ்க்கையை. சிறுவயதில், ஸ்கை தீவுக்காரரான மார்ட்டின் மார்ட்டின் இந்தத் தீவுகளைப் பற்றி 1703-ல் வெளியிட்ட நூலை அப்பா கையில் கொடுத்திருந்தார். அதிலிருந்து வந்த ஆசை. ஆனால் 1746-ல் குலோடன் போரில் ஹைலண்ட் படை தோற்றபின் குலத்தலைவர்களின் அதிகாரம் பறிக்கப்பட்டுவிட்டது. ஆயுதம் கூடாது, அவர்களுடைய கட்டம்போட்ட உடைகூடக் கூடாது என்று சட்டம். தலைவர்கள் வெறும் நிலச்சுவான்தார்களாகி வாடகையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குடியானவர்கள் கப்பலேறி அமெரிக்கா போய்க்கொண்டிருந்தார்கள். தாமதமாக வந்துவிட்டோம் என்று ஜான்சனுக்குப் புரிகிறது. புரிந்ததும், பார்க்க வந்ததை விட்டுவிட்டு, கண்ணெதிரே நடப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். மக்கள் ஏன் போகிறார்கள், போனவர்கள் திரும்புவார்களா, ஆளே இல்லாத நிலத்தில் அமைதியை உண்டாக்கி என்ன லாபம் என்று.

இதே விஷயம் பாஸ்வெல்லிடம் ஒரு நடனமாக வருகிறது. ஸ்கை தீவின் ஆர்மடேலில் ஒரு மாலை ஆடுகிறார்கள். ஒரு ஜோடி சுழல ஆரம்பிக்கிறது, அது இன்னொரு ஜோடியைக் கிளப்பிவிடுகிறது, கடைசியில் எல்லாரும் சுழல்கிறார்கள். அந்த ஆட்டத்தின் பெயர் 'அமெரிக்கா'. ஊரைவிட்டுப் போவது எப்படித் தொற்றிக்கொள்கிறது என்பதை அவர்களே ஆடிக் காட்டுகிறார்கள். போன வருடம் போர்ட்ரீயிலிருந்து கப்பல் கிளம்பியபோது கரையில் நின்றவர்கள் தரையில் விழுந்து புரண்டு அழுதார்கள், இந்த வருடம் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்று ஒரு பெண் சொன்னதையும் பாஸ்வெல் குறித்துக்கொள்கிறார். ஜான்சன் காரணங்களைத் தருகிறார், பாஸ்வெல் அந்தக் காரணங்கள் மனிதர்களின் உடம்பில் என்ன செய்கின்றன என்று காட்டுகிறார். இன்றைய சுற்றுலாவில் இந்த நடனம் 'உள்ளூர்ப் பண்பாடு' என்ற தலைப்பின்கீழ் வரும். எதைப் பற்றிய ஆட்டம் என்று யாராவது கேட்பார்களா?

இரண்டு நூல்களுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. இருவருக்கும் கேலிக் மொழி தெரியாது. படகோட்டிகள் பாடுகிறார்கள், பெண்கள் வேலை செய்துகொண்டே பாடுகிறார்கள், ஆனால் பாட்டு நமக்குச் சத்தமாக மட்டுமே வந்து சேர்கிறது. பழைய கவி ஓசியனுடையவை என்று மக்பர்சன் வெளியிட்ட கவிதைகளை ஜான்சன் நம்பவில்லை, அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் அந்த வேகத்தில், கேலிக்கில் நூறு வருடப் பழைய கையெழுத்துப் பிரதியே உலகத்தில் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுக்கப்பட்ட லிஸ்மோர் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத டங்கன் பான் மாக்கின்டயரின் கேலிக் கவிதைகள், இவர்கள் கிளம்பிய அதே எடின்பரோவில் 1768-லேயே புத்தகமாக அச்சாகியிருந்தன. எழுத்தறிவு இல்லையென்றால் அறிவே இல்லை என்று அகராதி எழுதியவர் நினைத்தது தற்செயல் இல்லை.

தீவுகளுக்கிடையே இவர்களை அழைத்துப்போனவர்களில் முக்கியமானவர் கோல் தீவுத் தலைவரின் மகன். இங்கிலாந்து போய் விவசாயம் கற்று வந்த இளைஞர். மறுவருடமே கடலில் மூழ்கி இறந்துபோனார். ஜான்சன் அந்தச் சாவைத் தன் நூலிலேயே பதிந்திருக்கிறார். வழிகாட்டி என்பவர் பெயரும் கனவும் சாவும் உள்ள ஒரு மனிதராக வருவது பயண நூல்களில் அபூர்வம்.

அதே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது ரம் தீவு. ஜான்சன் அங்கே போகவில்லை, ஆனாலும் 58 குடும்பங்கள் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 1826-ல் அந்தத் தீவிலிருந்து ஏறக்குறைய 300 பேர் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நிலம் செம்மறியாடுகளுக்குப் போனது. பிரிட்டனில் அற்றுப்போயிருந்த வெண்வால் கடற்கழுகை நார்வேயிலிருந்து கொண்டுவந்து 1975 முதல் விட்டதும் இதே ரம் தீவில்தான். கழுகு திரும்பியது நல்ல விஷயம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் 'மனிதச் சந்தடியற்ற இயற்கை' என்று அந்தத் தீவை வருணிக்கிற எழுத்து, சந்தடி எப்படி அற்றுப்போனது என்பதையும் சொல்ல வேண்டாமா? காட்டுயிர்ப் பத்திக்கும் பண்பாட்டுப் பத்திக்கும் நடுவே விடப்படும் வெற்றிடத்தில்தான் அந்த 300 பேரும் இருக்கிறார்கள்.

ஜான்சனிடம் அகந்தை உண்டு, பாஸ்வெல்லிடம் வம்பு உண்டு. இருந்தும் 250 வருடம் கழித்து இந்த நூல்கள் வாசிக்க முடிகிறவையாக இருப்பதற்குக் காரணம், பார்த்த இடத்தில் யாரெல்லாம் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று இருவரும் கவனித்ததுதான். அடுத்த தடவை தீவோ மலையோ போய்வந்து நீங்கள் எழுத உட்காரும்போது, பார்த்ததையெல்லாம் எழுதுங்கள். கூடவே, இந்த ஊரைவிட்டு யார் போனாங்க, ஏன் போனாங்க என்று அங்கேயே யாரிடமாவது கேட்டுவிட்டு வாருங்கள். வழிகாட்டிக்குக்கூட அது தெரிந்திருக்கும். நாம் கேட்காததால் அவர் சொல்லாமல் இருந்திருப்பார்.