அடர்த்தியும் துணிக்கையும்

இலத்திரன் கருவை வட்டப் பாதையிற் சுற்றுகின்றது என்னும் கொள்கையைப் பௌதிகவியலார் கைவிட்டுப் பல்லாண்டுகள் கழிந்தன. அஃது ஓரிடத்திற் காணப்படுதற்குரிய நிகழ்தகவையே கூறவியலும் என்பது 1926ஆம் ஆண்டில் மாக்ஸ் போண் அளித்த விளக்கம். கணினியோ வெளியைச் சமகனவளவுள்ள கட்டங்களாகப் பகுத்து, அந்நிகழ்தகவின் அடர்த்தியைக் கட்டத்துக்கு ஓரெண்ணாகச் சேமிக்கின்றது. எண்களின் அட்டவணை கண்ணுக்குப் புலப்படாது. ஆதலின் அதனைத் துணிக்கைகளின் தூவலாக வரைந்து காட்டுவர். இவ்வழக்கின் குணமும் குற்றமும் ஆராயத்தக்கன.

முறை எளிது. எழுமாற்றாக ஒரு கட்டம் தெரிவு செய்யப்படும். பின்னர்ப் பூச்சியத்துக்கும் மீப்பெரும் அடர்த்திக்கும் இடையில் ஓர் எழுமாற்றெண் பெறப்படும். அவ்வெண் அக்கட்டத்தின் அடர்த்தியினுஞ் சிறிதாயின் ஒரு புள்ளி இடப்படும். அன்றேல் அத்தெரிவு தள்ளப்படும். இத்தள்ளல் முறையை வொன் நொயிமான் 1951ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் விளக்கினார்.

இதன் குணம் ஐதரசன் அணுவில் நன்கு விளங்கும். தாழ்சத்தி நிலையில் அடர்த்தி கருவிடத்தே மிகப் பெரிது. எனினும் இலத்திரன் காணப்படுதற்கு மிக வாய்ப்பான தூரம் 0.0529 நனோமீற்றர். முரண்போலத் தோன்றும் இவ்விரண்டும் புள்ளிப் படத்திற் பொருந்துகின்றன. மையத்திற் புள்ளிகள் நெருக்கமாயினும் அங்கே கனவளவு சிறிது. அத்தூரத்து மெல்லிய கோளவோட்டிலேயே புள்ளிகளின் தொகை மிகுகின்றது.

குற்றங்கள் மூன்று. கட்டத்தின் நடுவிலேயே புள்ளியிட்டால், இல்லாத பளிங்கு வரிசையொன்று தோன்றும். கட்டத்தினுள் எழுமாற்றாக இடின் வரிசை மறையும். ஆயினும் கட்டங்களுக்கிடையே படிபோன்ற பாய்ச்சல் எஞ்சும். அயற்கட்டங்களின் பெறுமானங்களைக் கொண்டு இடைக்கணித்தால் அதுவும் தணியும். ஆனால் அளக்கப்படாத நுட்பம் அதனாற் பிறந்துவிடாது.

இரண்டாவது, எழுமாற்றின் இயல்பான தடுமாற்றம். 100 புள்ளிகள் எதிர்பார்க்கப்படும் பகுதியில் ஏறத்தாழ 10 கூடவோ குறையவோ செய்யும். 10,000 ஆயின் 100. முன்னது நூற்றுக்குப் பத்து, பின்னது நூற்றுக்கு ஒன்று. அடர்த்தி குன்றிய ஓரங்களிற் புள்ளிகள் திரண்டு நிற்பது பெரும்பாலும் தற்செயலே. அதனை அணுவின் அமைப்பென்று கொள்ளுதல் பிழை.

மூன்றாவதே பெருங்குற்றம். புள்ளி ஒவ்வொன்றையும் ஓர் இலத்திரனென மாணவர் மயங்குவர். ஐதரசனில் உள்ளது ஓர் இலத்திரனே. ஆயிரம் புள்ளிகளும் அவ்வொன்றின் நிகழ்தகவையே குறிக்கின்றன.

ஆகவே, புள்ளிப் படம் வரைவோர் கட்டத்தின் அளவையும் புள்ளிகளின் தொகையையும் அவை இடப்பட்ட முறையையும் படத்தின் கீழே குறித்தல் கடன். அக்குறிப்பின்றி வரும் படம் அழகியதாயினும் விஞ்ஞானச் சான்றாகாது.