லோஜ்பான் மொழியிற் சாதியும் பண்பும்

1955 இல் ஜேம்ஸ் குக் பிரௌண் தொடங்கிய லொக்லான் முயற்சியினின்றும் 1987 இற் பிரிந்து வளர்ந்தது லோஜ்பான். தொடரமைப்பில் ஐயத்துக்கு இடம் வையாத அளவைநூல் மொழி அஃது என்பர். அக்கூற்றைச் சோதித்தற்குரிய இடம் சாதிப்பொருளைக் கூறுமிடமே.

1997 இல் ஜோன் கவன் எழுதிய இலக்கணம், 'சிங்கம் ஆபிரிக்காவில் வாழும்' போன்ற கூற்றுக்கு 'லொஹெ' என்னுஞ் சொல்லை விதிக்கின்றது. அஃது ஒரு சிங்கத்தையோ எல்லாச் சிங்கங்களையுமோ குறியாது. வகைமாதிரியான சிங்கத்தையே குறிக்கும். ஈண்டு நமக்கு உடன்பாடில்லை. சிங்கம் பிடரிமயிர் உடையது. சிங்கம் குட்டியீன்று பாலூட்டும். இரண்டும் மெய்யே. ஆயின், பிடரிமயிரோடு குட்டியும் ஈனும் மாதிரிச் சிங்கம் யாண்டுளது? இனி, 'சிங்கம் அருகி வருகின்றது' என்னுமிடத்து அருகுவது மாதிரியன்று, சாதியே.

பின்னர் வந்த திருத்தம், 'லோ' என்னுஞ் சொல்லோடு ஒட்டியிருந்த 'ஒன்றேனும்' என்னும் அளவை நீக்கிப் பொதுமைக்கு வழிவிட்டது. நன்றே, எனினும், தனிப்பொருளோ சாதியோ எனத் துணியும் பாரம் கேட்போன் தலையில் வீழ்ந்தது. நம் பால்பகா அஃறிணைப் பெயரும் அத்தகையதே. ஆனால், தமிழ் தன்னை அளவைநூல் மொழியென்று சொல்லிக்கொண்டதில்லை!

பண்பு கூறுமிடத்தோ இம்மொழி பாராட்டுக்குரியது. 'கா' என்பது ஒரு தொடரைப் பண்பாக்கும். 'ஷெஹு' என்பது அப்பண்புக்குரியது நிற்கும் வெற்றிடத்தைக் காட்டும். அவ்விடத்தை மாற்றின், 'உன்னை நேசித்தல்' என்பது 'உன்னால் நேசிக்கப்படுதல்' ஆகிவிடும். 'தாயன்பு' என்னுந் தொகையில், அன்பு தாயினதோ தாய்மேலதோ என நம் மாணாக்கர் மயங்குவர். அம்மயக்கம் ஆங்கு எழாது.