அட்சதையா, தூசியா?

என் அக்காவின் கல்யாணம் 1992-ல் கும்பகோணத்தில் நடந்தது. அதன் வீடியோ மூன்று விஹெச்எஸ் கேசட்டுகளாக, முப்பது வருஷத்துக்கு மேல், அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. சில மாதங்களுக்கு முன் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அதுல அப்பா நிக்கறார்டா. மொகம்தான் சரியாத் தெரியல. அந்த எடத்த மட்டுமாவது சரி பண்ணிக் குடேன்."

அப்பா இப்போது இல்லை. மூன்று கேசட்டிலும் சேர்த்து அவர் கேமராவைப் பார்த்து நிற்பது பதினோரு வினாடி. தாலி கட்டும் நேரம். மணமேடையின் ஓரத்தில், வீடியோ லைட்டின் வெளிச்சம் எட்டாத இடத்தில், கை நிறைய அட்சதையோடு நிற்கிறார். வேட்டியும் சட்டையும் பளிச்சென்று இருக்கின்றன. முகம் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம். அந்தப் பதினோரு வினாடிக்காக டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் உள்ள டிராக்கிங் கருவிகளோடு மூன்று வாரம் உட்கார்ந்தேன். இலவசப் பதிப்பில்தான்.

டெக் வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு டிராக்கிங் என்றால் வேறு ஒன்று ஞாபகம் வரும். படத்தில் கோடு கோடாக விழுந்தால் திருகுவோமே, அந்தக் குமிழ். விஹெச்எஸ் நாடாவில் படம் சாய்வான தடங்களாகப் பதிந்திருக்கும். சுழலும் ஹெட் அந்தத் தடத்தின் மேல் சரியாக ஓடுவதற்கு அந்தக் குமிழ். இங்கே நான் பேசும் டிராக்கிங் அது இல்லை. படத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அடுத்த ஃபிரேமில் அது எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடுவது. பிறகு அதற்கடுத்த ஃபிரேமில். இதற்கான அடிப்படைக் கணக்குகள் 1981-லேயே வந்துவிட்டன. கார்னகி மெலனில் புரூஸ் லூக்காஸும் தாக்கியோ கனாடேயும் ஒன்று எழுதினார்கள். எம்ஐடியில் ஹார்னும் ஷுங்க்கும் வேறொன்று எழுதினார்கள். இன்று நாம் பட்டனை அழுத்தி ஓடவிடும் பல கருவிகளின் வேர் அங்கே இருக்கிறது.

பழைய கேசட்டில் மூன்று அசைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மனிதர்கள் அசைகிறார்கள். தோளில் கேமராவைத் தூக்கி அவர்களைப் படமெடுத்தவர் அசைகிறார். நாடாவும் தன் பங்குக்கு அசைகிறது. முதல் அசைவுதான் கல்யாணம், அதைத் தொடக்கூடாது. மூன்றாவது பழுது, அது போக வேண்டும். நடுவில் இருப்பதை இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு டிராக்கரை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க அது எனக்கு எவ்வளவு உதவுகிறது?

டிராக்கரைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. நம் ஊர் விஹெச்எஸ் பால் முறையில் பதிந்தது: வினாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் இரண்டு ஃபீல்டு. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு வினாடி தள்ளி. ஆரத்தித் தட்டைச் சுற்றும் கையை அப்படியே நிறுத்திப் பார்த்தால் விளிம்பு சீப்புப் பல் போல் இருக்கும். ஒரே ஃபிரேமுக்குள் கை இரண்டு இடத்தில் இருந்தால் டிராக்கர் எதைப் பிடிக்கும்? அதனால் முதலில் ஏவிஐசிந்த் என்ற மென்பொருளில் கியூடிஜிஎம்சி என்ற இலவச ஸ்கிரிப்டை ஓட்டி, வினாடிக்கு 50 முழு ஃபிரேமாகப் பிரித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் ஓடும். ஒரு கேசட்டை ராத்திரி போட்டால் காலையில் பார்க்கலாம். பொறுமை இல்லாமல் இதைத் தாண்டிப் போனவர்கள்தான் டிராக்கர் சரியில்லை என்று சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அப்பாவின் முகம். ரிசால்வின் கலர் பக்கத்தில், மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் குறிக்கும் ஒரு வட்ட விண்டோவை எடுத்து முகத்தின் மேல் வைத்தேன். டிராக்கர் பலகையில் ஐந்து தெரிவுகள் இருக்கின்றன: பேன், டில்ட், ஜூம், ரொட்டேட், பெர்ஸ்பெக்டிவ். எல்லாவற்றிலும் டிக் இருந்தால் நல்லது என்று தோன்றும். விஹெச்எஸ்ஸுக்கு அது ஆகாது. இந்த நாடாவில் ஒரு முகம் நாற்பது ஐம்பது பிக்சல் அகலம்தான் வரும். அதிலும் பாதி இரைச்சல். அந்த இரைச்சலை எல்லாம் முகம் திரும்புவதாக எண்ணி விண்டோ வளைந்து நெளிகிறது. பேன், டில்ட் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்தபின் ஒழுங்காகப் போனது. கேமராக்காரர் ஜூம் செய்யும் இடத்தில் மட்டும் ஜூமையும் சேர்க்கலாம்.

550 ஃபிரேம். கன்ட்ரோலும் டியும் அழுத்தினால் சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம் இல்லை, கீழே வரையும் கோடுகள். டிராக்கர் நினைப்பதை எல்லாம் அந்த வரைபடத்தில் காட்டிவிடுகிறது. அப்பா லேசாகத் தலையசைத்தபோது கோடு மெல்ல அலைபாய்ந்தது. ஆறாவது வினாடியில் ஒருவர் தாம்பாளத்தோடு குறுக்கே போகிறார். அந்த இடத்தில் கோடு செங்குத்தாக எகிறிவிட்டது. முகத்தை விட்டுவிட்டுத் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டது விண்டோ. முகத்தை மறைத்தால் இம்மாதிரி டிராக்கர்கள் இதைத்தான் செய்யும். எங்கே பிசகியது என்று ஒரே பார்வையில் தெரிவதுதான் பெரிய உதவி. வரைபடத்தில் அந்தத் துண்டைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கடைசி ஃபிரேமுக்குப் போய்ப் பின்னோக்கி டிராக் செய்தேன். தாம்பாளம் கடக்கும் நேரத்தை மட்டும் இரண்டு பக்கத்தையும் இணைத்து மென்பொருளே நிரப்பிக்கொண்டது. பிறகு ஃபிரேம் என்ற முறைக்கு மாறி, இரண்டு இடத்தில் விண்டோவைக் கையால் ஒரு நூல் நகர்த்தினேன்.

புள்ளி டிராக்கரையும் முயன்றேன். அக்காவின் மூக்குத்தி நன்றாக மின்னுகிறதே, அதைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். மின்னுவதுதான் தொந்தரவு. ஒரு ஃபிரேமில் இருக்கிறது, அடுத்ததில் அணைந்துவிடுகிறது. குங்குமப்பொட்டும் உதவாது, விஹெச்எஸ்ஸில் நிறம் வலப்பக்கம் வழிந்து, பொட்டுக்கு விளிம்பே இருக்காது. பந்தக்காலில் கட்டிய வாழைமரம் கறாரான கோடாகத் தெரிந்தாலும் டிராக்கர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு மேலும் கீழும் போகிறது, ஏனென்றால் நேர்க்கோட்டில் எந்த இடமும் இன்னொரு இடம் மாதிரியே இருக்கும். மூலைதான் பிடி கொடுக்கும். நெற்றியும் வகிடும் சந்திக்கும் இடம், தூணின் முனை. ஒரு வாரத்துக்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூலைகள்தான் கண்ணில் படுகின்றன.

முகத்தைப் பிடித்தபின் விண்டோவின் ஓரத்தை நன்றாக மிருதுவாக்கி, நடுத்தர வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். கூடவே இரைச்சலும் எழும்புகிறது. இரைச்சலைக் குறைக்கும் வசதி காசு கட்டும் ஸ்டூடியோ பதிப்பில்தான் இருக்கிறது. ஆகவே ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டேன். மீசை தெரிகிறது. கண்ணாடியின் ஒரு பக்கம் மினுங்குகிறது. அதற்கு மேல் நாடாவில் இல்லை. முகத்தைத் தெளிவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில் இதே காட்சியைக் கொடுத்துப் பார்த்தபோது இமை, சுருக்கம் எல்லாம் கூர்மையாக வந்தன. ஆனால் அது அப்பா இல்லை, அப்பா வயதில் யாரோ ஒருவர். அந்தக் கோப்பை அம்மாவுக்குக் காட்டவில்லை.

படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்ஸ்பெக்டிவ், சிமிலாரிட்டி, டிரான்ஸ்லேஷன் என்று மூன்று முறை உண்டு. நாடாவுக்குக் கடைசியதே போதும். முதல் முறையில் மண்டபத்துத் தூண்கள் கூழ் மாதிரி ஆடுகின்றன. விஹெச்எஸ் படத்தின் அடியில் ஹெட் மாறும் இடத்தில் சில வரிகள் கிழிந்து கிடக்கும். தொலைக்காட்சி ஓரத்தை வெட்டிவிடும் என்பதால் அந்நாளில் யாரும் பார்த்ததில்லை. அது நகராமல் ஒரே இடத்தில் நிற்பதால் 'இதுதான் அசையாத பொருள்' என்று கணக்கு ஏமாறும். மூலையில் தேதி எழுதியிருந்தாலும் அதே கதை. இரண்டையும் முதலில் வெட்டி, தனியாக ரெண்டர் செய்து, திரும்பக் கொண்டுவந்து ஸ்டெபிலைஸ் செய்தால் சரியாக வருகிறது. வரிகள் பக்கவாட்டில் நடுங்குவதை மட்டும் எந்த டிராக்கராலும் தீர்க்க முடியாது. அது டெக்கிலிருந்து கணினிக்கு ஏற்றும்போதே டைம் பேஸ் கரெக்டர் வழியாக எடுத்துச் சரிசெய்ய வேண்டியது.

கெட்டிமேளம் கொட்டும் நொடியில் கூட்டம் முண்டியடித்துக் கேமராவே ஒருமுறை தூக்கிப் போடுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அந்த அதிர்ச்சி அந்தக் கணத்தைச் சேர்ந்தது.

மேடைக்குப் பின்னால் மணமக்கள் பெயர் தெர்மாகோல் எழுத்தில் ஒட்டியிருந்தது. நாடாவில் ஒரு மடிப்பு விழுந்து, பதினான்கு ஃபிரேமுக்கு அக்காவின் பெயர் வெள்ளைக் கோடுகளில் கரைந்துவிடுகிறது. ரிசால்வின் ஃபியூஷன் பக்கத்தில் உள்ள பிளேனர் டிராக்கர் இந்த மாதிரி வேலைக்கென்றே செய்தது. புள்ளியைத் தேடாமல் ஒரு தட்டையான பரப்பையே மொத்தமாகப் பின்தொடரும். மோக்கா என்ற மென்பொருள் பிரபலமாக்கிய முறை இது. அதற்கு 2013-ல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. மடிப்புக்கு முந்தைய நல்ல ஃபிரேமிலிருந்து பெயர் இருந்த பகுதியை வெட்டியெடுத்து, கெட்டுப்போன ஃபிரேம்களின் மேல் பொருத்தினேன். ஒரு பிற்பகல் ஆனது. இப்போது ஒட்டு தெரியவில்லை. ஒரேயொரு சங்கடம்: ஒட்டிய படத்தில் இரைச்சல் உறைந்து நிற்கும், சுற்றிலும் துடிக்கும். மேலே மெல்லிய கிரெயின் தூவினால் கண் ஏற்றுக்கொள்கிறது.

கடைசியாக, நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயம். நாடாவில் துகள் உதிர்ந்த இடங்களில் வெள்ளைச் சிதறல்கள் ஒரு ஃபிரேம் வந்து மறையும். சினிமா ஃபிலிமில் தூசியும் இப்படித்தான், ஒவ்வொரு ஃபிரேமும் தனிப்படம் என்பதால் ஒன்றில் ஒட்டியது அடுத்ததில் இருக்காது. 2012-ல் மறுபடி வெளிவந்த 'கர்ணன்' மாதிரிப் பழைய படங்களைப் புதுப்பிக்கும் இடங்களில் நிறைய உழைப்பு இந்தத் தூசியோடுதான். தானாகத் தூசி நீக்கும் வசதி என் பதிப்பில் இல்லை என்பதால் ஒரு நண்பரின் எடிட்டிங் அறையில், வேறொரு மென்பொருளில் அந்தக் காட்சியை ஓட்டினோம். கணக்கு எளிமையானது. முந்தைய ஃபிரேமும் பிந்தைய ஃபிரேமும் எப்படி நகர்கின்றன என்று அளந்து, இரண்டிலும் இல்லாத ஒன்று நடுவில் இருந்தால் அது அழுக்கு.

சிதறல்கள் சுத்தமாகப் போய்விட்டன. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது முறை பார்த்தபோதுதான் ஏதோ குறைவது தெரிந்தது. அப்பா கையை உயர்த்துகிறார், விரல்கள் விரிகின்றன. ஒன்றும் விழவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் வெறுங்கையை வீசுகிறார்கள். வேகமாகப் பறக்கும் ஒரு அரிசி, வெளிச்சத்தில் ஒரு ஃபிரேம் மின்னி அடுத்ததில் வேறெங்கோ போய்விடுகிறது. கணக்குக்கு அட்சதையும் அழுக்கும் ஒன்றுதான்.

இது அந்த மென்பொருளின் குற்றம் அல்ல. இந்த வழியில் வேலை செய்யும் எதுவும் மழையையும் மத்தாப்புப் பொறியையும் இப்படித்தான் தின்னும். எதை அழிக்கப்போகிறது என்று முன்கூட்டியே வெள்ளையாகக் காட்டும் தெரிவு இம்மாதிரிக் கருவிகளில் இருக்கும். அதைப் போட்டுப் பார்க்காமல் ரெண்டருக்குப் போகாதீர்கள். போட்டுப் பார்த்தபோது திரை முழுக்க மஞ்சள் அரிசியின் இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாகப் பூத்திருந்தன. அந்த நான்கு வினாடிக்கு வசதியை நிறுத்திவிட்டேன். இருநூறு ஃபிரேமையும் ஒவ்வொன்றாக நகர்த்தி, எது பறக்கிறது, எது ஒரே இடத்தில் தோன்றி மறைகிறது என்று பார்த்து, நாடாவின் சிதறலை மட்டும் பக்கத்து ஃபிரேமிலிருந்து துண்டு எடுத்து மூடினேன். இரண்டு ராத்திரி வேலை. வலப்பக்கமாகப் படுக்கைவாட்டில் இழுத்தாற்போல் இருந்தால் நாடா. சாய்ந்து விழுந்தால் அரிசி. சந்தேகம் வந்த இடங்களில் அரிசி என்றே வைத்துக்கொண்டேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக் கேசட்டுகளுக்கு இலவசப் பதிப்பு போதும். விண்டோ டிராக்கரும் ஸ்டெபிலைசரும் அதிலேயே இருக்கின்றன. ஸ்டூடியோ பதிப்பு ஒருமுறை கட்டணம், 295 டாலர். இரைச்சல் நீக்கத்துக்காக மட்டுமே அதை வாங்கச் சொல்வேன். வேறு எதிலும் சிக்கனம் செய்யுங்கள், கணினிக்கு ஏற்றும் இடத்தில் செய்யாதீர்கள்.

அம்மா பார்த்தாள். பதினோரு வினாடியை ஆறேழு தடவை ஓட்டச் சொன்னாள். பிறகு, மற்ற கேசட்டெல்லாம் எப்போது என்றாள். இரண்டாவது கேசட் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது நலுங்கு. அந்தக் கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும், ஆகவே முதலில் நாடாவைச் சுத்தம் செய்பவரிடம் கொடுக்க வேண்டும். நலுங்கில் பாட்டி பாடியிருக்கிறாளாம். "படம் வரலேன்னாலும் பரவால்லடா," என்கிறாள் அம்மா. "கொரலாவது வருதா பாரு."