பீ.டி.எப் காப்பதும் காவாததும்

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு கொமியூனிகேஷன் கடையில் சுயவிபரக்கோவை தட்டச்சு செய்யக் கொடுத்தால், பெரும்பாலும் அது பீ.டி.எப் ஆகவே வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும். வேர்ட் கோப்பு கடைக் கணினியிலேயே தங்கிவிடும். இந்த வழக்கத்தில் நியாயமும் உண்டு, இழப்பும் உண்டு.

முதலில் நியாயம். இலங்கையில் நெடுங்காலம் கோலோச்சிய பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். யுனிகோட்டில் அடித்தாலும் எழுத்துரு மாறினால் வரிகள் புரண்டு, இரண்டு பக்கம் மூன்று பக்கமாகும். பீ.டி.எப் எழுத்துருவைத் தனக்குள் பதித்துக்கொள்வதால் இந்தத் தொல்லை இல்லை. அடோபி 1993இல் வெளியிட்ட இவ்வடிவம் 2008இல் ஐ.எஸ்.ஓ 32000 என்ற சர்வதேச நியமமானது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கிய 2021 மார்ச் வர்த்தமானி போன்ற ஆவணங்களில் ஒரு வரிகூட இடம்பெயரக் கூடாது. அவற்றுக்கு இதுவே உகந்த வடிவம்.

இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாமினியில் உருவான பீ.டி.எப் திரையில் அழகாகத் தெரியும். அதில் 'சம்பளம்' என்று தேடினால் எதுவும் அகப்படாது, உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறிகளே. யுனிகோட் கோப்பிலும் பல வேளை கொம்பு இடம் மாறிவிடும். நகலெடுத்து ஒட்டினால் 'தோட்டம்' என்பது 'ேதாட்டம்' ஆகிறது. பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் இங்கே தடுமாறும். ஏ4 பக்கத்தைச் சிறு போன் திரையில் இடமும் வலமும் இழுத்து இழுத்தே படிக்கவேண்டும். ஒரு திகதியைத் திருத்தவும் மீண்டும் கடைக்குப் போய்க் காசு கொடுக்கவேண்டும்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், மலையக நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து பீ.டி.எப் ஆகக் காத்துவருகிறது. பழைய தாளுக்கு அது தேவையான வழி. கணினியிலேயே பிறந்த ஆவணம் தேடமுடியாத வெறும் படமாகிப் போவதற்கோ எந்தக் காரணமும் இல்லை.

தீர்வுக்குச் செலவும் இல்லை. இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸ், மூலக் கோப்பையும் உள்ளடக்கிய பீ.டி.எப் ஒன்றை உருவாக்கித் தரும். கடைக்காரர்கள் யுனிகோட்டில் அடிக்கட்டும். வாடிக்கையாளர்கள் பீ.டி.எப் உடன் மூலக் கோப்பையும் கேட்டு வாங்கட்டும். காசு கொடுத்து அடிப்பித்த கடிதம் அவர்களுடையது.