ஊழியன் மனிதனாவது எப்போது?

‘ரோபோ’ என்னும் சொல்லை இன்று நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். அச்சொல் பிறந்தது அறிவியல் கூடத்தில் அன்று, நாடக மேடையில் என்பதை அறிந்தோர் சிலரே. செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் வெளியிட்டு, 1921 சனவரியில் பிராகா நகரின் தேசிய அரங்கில் நடிக்கப்பெற்ற ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகமே அதன் தாய்வீடு. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனார், ஓவியர் யோசெப். செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்பது, நிலக்கிழாருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகள் ‘வெட்டி’ எனச் சுட்டுவதும், பழைய திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்னும் பெயரால் எளியோரிடம் வாங்கப்பட்டதும் அத்தகைய வேலையே. ஆகவே, ரோபோ என்பதன் வேர்ப்பொருள் எந்திரம் அன்று, ஊழியன்.

கேட்ட மாத்திரத்தில் கடிதமும் கவிதையும் மன்றாட்டும் எழுதித் தரும் எந்திரங்கள் நம்மிடையே வந்துவிட்டன. மனிதன் எங்கே முடிகிறான், எந்திரம் எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வி எல்லார் வாயிலும் எழுகின்ற இந்நாளில், நூறாண்டு கடந்த இந்நாடகத்தை அந்த வேர்ச்சொல்லின் வெளிச்சத்தில் மீண்டும் படித்துப் பார்ப்பது பயனுடைத்து.

சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. தசையும் நரம்பும் போன்ற செயற்கைப் பொருளால் உருவாக்கப்பட்டவை, பார்வைக்கு மனிதரே. கடவுள் தேவையில்லை என மெய்ப்பிக்க விரும்பி மனிதனைப் படைக்க முனைகிறார் முதிய ரோசும். அவர் வழிவந்த இளைய ரோசுமுக்கோ கடவுளைப் பற்றிய கவலையே இல்லை. மகிழ்வதும், இசைக்கருவி மீட்டுவதும், உலாவப் போவதும் வேலைக்கு உதவாதவை எனக் கண்டு, அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு மலிவான வேலையாளைச் செய்கிறான் அவன். இவ்விருவருள் எவர் குற்றம் பெரிது? முன்னவர் கடவுளோடு வழக்காடியவர். பின்னவனோ மனிதனையே கூலிக்கணக்காகச் சுருக்கியவன். நாடகத்தின் அழிவெல்லாம் இந்தச் சுருக்கத்திலிருந்தே முளைக்கிறது என்பது நம் கருத்து.

தொடக்கக் காட்சியில் ஒரு நுட்பமான நகைச்சுவை உண்டு. ரோபோக்களின் விடுதலைக்காக வாதாட வந்த எலேனா, சுல்லா என்னும் ரோபோவை மனிதப் பெண் என்று எண்ணிக் கை குலுக்குகிறாள். பின்னர் வரும் ஆலை அதிகாரிகளை ரோபோக்கள் என்று எண்ணிப் பரிவுரை பகர்கிறாள். நாம் சிரிக்கிறோம், ஆனால் அச்சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. வேலையையும் விலையையும் தவிர வேறொன்றும் பேசாத அம்மனிதரை அவள் எந்திரம் என்று எண்ணியது முற்றிலும் பிழைதானா? எல்லைக் கோடு அழிந்தது எந்திரம் மேலே ஏறியதாலன்று; மனிதன் கீழே இறங்கியதால் என்பதைச் சாப்பெக் இவ்வாறு காட்டிவிடுகிறார்.

அதே காட்சியில், சுல்லாவை அறுவைக் கூடத்திற்குக் கொண்டுபோகச் சொன்னால் வருந்துவாயா என்று மாரியுஸ் என்னும் ரோபோவிடம் ஆலைத் தலைவர் தோமின் கேட்கிறார். வருத்தம் என்பதே அதற்கு விளங்கவில்லை. இந்த அறுவைக் கூடத்தை வாசகர் மறவாதிருக்க வேண்டும்.

பின்னர் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழிக்கின்றன. பிழைப்பவர் ஒருவரே: கட்டடப் பொறுப்பாளர் அல்குவிஸ்ட். தங்களைப் போலவே கைகளால் உழைக்கிறார் என்பதால் அவரை அவை விட்டுவைக்கின்றன. வேலையே இல்லாத பொன்னுலகைத் தோமின் கனவு கண்டபோது, பணிசெய்வதிலும் தாழ்மையிலும் ஏதோ நன்மை இருந்ததே என்று தயங்கியவர் இவர்தான். ஆளைக் கட்டாயத்தால் பிணிக்கும் ‘ரொபோத்தா’ ஒன்று. அன்பால் ஆற்றும் பணி மற்றொன்று. நம் ‘ஊழியம்’ என்ற சொல்லும் இவ்விரு கரைகளையும் தொட்டதன்றோ? கட்டாய வேலைக்குப் பெயராயிருந்த அச்சொல், இன்று கிறிஸ்தவர் நாவில் இறைபணியைக் குறித்து நிற்கிறது.

இறுதிக் காட்சியில் அறுவைக் கூடம் மீண்டும் வருகிறது. ரோபோக்களுக்கு இனப்பெருக்கம் இல்லை. அவற்றைச் செய்யும் மறைபொருளோ எரிந்து போயிற்று. அதைத் தேடும் அல்குவிஸ்ட், எலேனாவின் பெயரும் சாயலும் கொண்ட ரோபோப் பெண்ணை அறுக்கப் போவதாகச் சொல்லிச் சோதிக்கிறார். அவளுக்குப் பதிலாகத் தன்னை அறுக்குமாறு வேண்டுகிறான் பிரிமுஸ். அவனுக்குப் பதிலாகத் தன்னை என்கிறாள் அவள். மாரியுசுக்கு விளங்காதது இவர்களுக்கு விளங்கிவிட்டது. தொடக்க நூலின் படைப்பு வரலாற்றைப் படித்து, அவர்களை ஆதாம் ஏவாளாக வாழ்த்தி அனுப்புகிறார் அல்குவிஸ்ட். பின்பு முதியவர் சிமியோனைப் போல் இறைவனிடம் அமைதியோடு விடை கேட்கிறார்.

இம்முடிவில் நமக்கு ஓர் உடன்பாடின்மையும் உண்டு. வீழ்ச்சியைப் படிப்படியாகக் காட்டிய ஆசிரியர், அன்பு பிறந்த வழியைக் காட்டவில்லை. எலேனாவின் வேண்டுகோளால் மருத்துவர் கால் செய்த மாற்றம் ராதியுஸ் என்னும் ரோபோவில் வெறுப்பாக விளைந்தது. பிரிமுசில் ஏன் அன்பாகக் கனிந்தது? நாடகம் விடை கூறாது திரையை இறக்கிவிடுகிறது. ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்பது திருச்சபையின் போதனை. பட்டறையில் அது விளையாது. செயற்கை அறிவு மனித அறிவின் மற்றொரு வடிவமன்று, அதன் விளைபொருளே என்று 2025 சனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ‘அந்திக்வா எத் நோவா’ என்னும் குறிப்பும் தெளிவுபடுத்துகிறது. எனவே இம்முடிவை அறிவியல் முன்னறிவிப்பாகக் கொள்ளாமல் உவமையாகக் கொள்வதே முறை.

உவமை என்றால் அது கேட்பவரை நோக்கித் திரும்பும். மனிதன் வேலைக்காக அன்று, வேலையே மனிதனுக்காக என்று 1981இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார் இரண்டாம் யோவான் பவுல். 2025இல் திருத்தந்தை பதினான்காம் லியோ, தொழிலாளர் உரிமைக்காக 1891இல் குரல் கொடுத்த பதின்மூன்றாம் லியோவை நினைந்தே தம் பெயரைத் தேர்ந்ததாகக் கூறி, அக்கேள்வியைச் செயற்கை அறிவின் காலத்தோடு இணைத்தார். எந்திரத்தைப் பற்றிய கேள்வி உழைப்பாளியைப் பற்றிய கேள்வியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எந்திரங்கள் என்றேனும் மனிதராகுமா என்று நாம் வியந்து பேசுகிறோம். கைப்பேசியின் கட்டளைக்கேற்ப நிமிடக் கணக்கில் உணவு சுமந்து நம் வாசலில் வந்து நிற்கும் இளைஞரின் முகத்தையோ நாம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சுல்லாவை மனிதப் பெண் என்று எண்ணிக் கை நீட்டினாள் எலேனா. மனிதர் என்று நன்கறிந்தும் நாம் கை நீட்டாதிருக்கிறோம். பிறருக்குப் பதிலாகத் தன்னைத் தர முன்வந்த கணத்தில் ஊழியன் மனிதனானான் என்கிறது நாடகம். அந்த அளவுகோலில் நாம் எப்பக்கம் நிற்கிறோம் என்பதை அவரவர் மனச்சான்றே கூறட்டும்.