உப்புநீர் எண்களைப் படித்ததா?

உப்பையும் நீரையும் கொண்டு மூளையைப் போல் இயங்கும் கணிப்பொறியைச் செய்துவிட்டார்கள் என்று யாரேனும் உங்களிடம் கூறினால், உடனே நம்பிவிடவும் வேண்டாம். நகைத்து ஒதுக்கவும் வேண்டாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக் கழகத்தாரும் தென்கொரியாவின் சோகாங் பல்கலைக் கழகத்தாரும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு மெய்யானதே. அதற்குரிய புகழ்தான் இடம் மாறிப் போகிறது.

கருவி எளியது. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் உள்ள, புனல் போன்ற சிறு கால்வாய். அளவு 150-க்கு 200 மைக்ரான். உள்ளே நுண்கோளங்களை நெருக்கமாக அடைத்திருக்கிறார்கள். இடுக்குகளில் உப்புக் கரைசல் நிற்கிறது. கோளங்களின் பரப்பில் எதிர் மின்சுமை இருப்பதால் நேர் அயனிகளுக்கே அங்கு வழி எளிது. மின்னழுத்தத்தை ஒரு திசையில் கொடுத்தால் கால்வாயில் அயனிகள் சேர்கின்றன. திசையை மாற்றினால் குறைகின்றன. சேரவும் கலையவும் சிறிது நேரம் பிடிக்கும் அல்லவா? அந்தத் தாமதமே நினைவு. சற்று முன் வந்த மின்துடிப்புகளின் சுவடு கடத்துதிறனில் தங்கியிருக்கும். 1971-இல் லியான் சுவா கோட்பாட்டளவில் முன்மொழிந்த மெம்ரிஸ்டரின் பண்பு இதுதான்.

இனி என் குறைக்கு வருகிறேன். இக்கருவி கையால் எழுதிய எண்களைப் படித்தது என்கிறார்கள். அயனிகள் செய்தது, துடிப்புகளின் வரிசையை ஒரு கடத்துதிறனாக மாற்றியது மட்டுமே. அதைப் பார்த்து ‘இது 3, இது 8’ என்று தீர்ப்பளித்தது, பயிற்சி தரப்பட்ட சாதாரணக் கணிப்பொறிச் செயல்நிரல். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, செய்தியாக்குவோர்தான் விட்டுவிடுகிறார்கள். விடைத்தாளைத் தைத்துக் கொடுத்தவனுக்கு மதிப்பெண் போடுவது போன்றது இது. (எங்கள் கல்லூரியில் அவரில்லாமல் தேர்வு நடக்காது என்பது வேறு!)

கருவி மெதுவானது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. அயனிகள் விரவும் நேரம் நீளத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கால்வாயைப் பாதியாக்கினால் நேரம் கால் பங்காகும். ஆகவே நினைவின் நீட்சியை வேண்டியபடி அமைக்கலாம். இதயத் துடிப்பு, மூச்சு போன்ற மெதுவான குறிகளைக் கவனிக்க இந்த நிதானமே உதவக்கூடும்.

சிக்கனம் பற்றிய பேச்சுதான் நெருடுகிறது. மனித மூளைக்குச் சுமார் 20 வாட் போதும். அதிலேயே நினைவும் தீர்ப்பும் அடங்கிவிடுகின்றன. இங்கோ கால்வாயில் செலவாகும் மின்சாரத்தை மட்டும் எண்ணிவிட்டு, பக்கத்தில் ஓடும் கணிப்பொறியின் மின்சாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.